ஏழு மணி நேர வேலைநாள்: சோவியத் திட்டம் கொடுத்ததும் பறித்ததும்

கேள்வி இது: "சோவியத் நாட்டில் தொழிலாளிக்கு 7 மணி நேர வேலைதான் என்று பழைய மாஸ்கோ வெளியீடுகளில் படித்திருக்கிறேன். அது நடைமுறையில் இருந்ததா, வெறும் பிரசாரமா? எல்லாம் திட்டப்படி நடக்கும் நாட்டில் வேலை நேரத்தைக் குறைத்தால் உற்பத்தி இலக்கு என்ன ஆகும்? ரயில் போல இரவு பகல் ஓடும் துறைகளில் எப்படிச் சமாளித்தார்கள்?"

இருந்தது. சொல்லப்போனால் இரண்டு முறை இருந்தது. 1927இல் அறிவிக்கப்பட்டு, 1930களில் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு வந்து சேர்ந்தது. 1940இல் ஒரே ஆணையில் போய்விட்டது. 1956இல் தொடங்கி 1960க்குள் மறுபடியும் வந்தது. நீங்கள் படித்த வெளியீடுகள் வந்த கதையை இரண்டு முறையும் விரிவாகச் சொல்லும். போன கதையை ஒரு வரியில் தாண்டிவிடும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அந்தப் போன கதையில்தான் இருக்கிறது என்பதால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். மேடையில் வேலை நேரம் தொழிலாளியின் உரிமை என்று பேசப்பட்டது. திட்டக்காரர்களின் ஏட்டில் அது நிலக்கரி, எஃகு, சிமெண்ட் போல ஓர் இருப்புக் கணக்கு. ஆள் மிஞ்சிக் கிடந்தபோது நேரம் குறைந்தது. ஆளுக்கு அடிபிடி வந்தபோது நேரம் கூடியது. தொழிற்சாலையில் இந்தக் கணக்கை எத்தனையோ வழிகளில் மறைக்க முடிந்தது. ரயில்வேயில் முடியவில்லை.

தொடக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம். ஜார் ஆட்சியின் 1897ஆம் ஆண்டுச் சட்டம் பகல் வேலைக்கு 11½ மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 1905இல் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர் சோவியத் (தொழிலாளர் பிரதிநிதிகளின் மன்றம்), முதலாளிகளைக் கேட்காமலே 8 மணி நேரத்தை அமல்படுத்தப் பார்த்தது. ஆலைகள் கதவடைப்புச் செய்ததும் சில வாரங்களில் பின்வாங்க வேண்டியிருந்தது. 1917 மார்ச்சில் ஜார் வீழ்ந்த கையோடு பெட்ரோகிராட் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) ஆலை உரிமையாளர்கள் 8 மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஆக, அக்டோபர் புரட்சி நடந்த நான்காம் நாள் வெளிவந்த 8 மணி நேர ஆணை, தொழிலாளர்கள் தலைநகரில் ஏற்கெனவே வாங்கிவிட்டதை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. வாரத்துக்கு 48 மணி நேரம், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு 6 மணி நேரம், 14 வயதுக்குக் கீழே வேலையே கூடாது, பெண்களுக்கு இரவு வேலை இல்லை. 1922ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு இதை உறுதிப்படுத்தி, சுரங்கத்துக்குள் இறங்குபவர்களுக்கு 6 மணி நேரம் என்றது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. ஊதியமில்லாமல் கூடுதல் வேலை செய்யும் 'சுப்போத்னிக்' என்ற வழக்கம் பிறந்த இடம் ஒரு ரயில் ஷெட். 1919 ஏப்ரல் 12 இரவு, மாஸ்கோ–கசான் ரயில்வேயின் சர்தீரவோச்னயா ஷெட்டில் 15 பேர் விடிய விடிய வேலை செய்து மூன்று என்ஜின்களைப் பழுதுபார்த்தார்கள். லெனின் அதை 'மகத்தான தொடக்கம்' என்று கொண்டாடினார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அதற்கு அவசியம் இருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் எட்டு மணி நேரச் சட்டமும் அதைத் தாண்டிய 'தானாக முன்வந்த' உழைப்பும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 1927. புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவை ஒட்டி, நாட்டின் சட்டமன்றம் போன்ற மத்திய செயற்குழு அந்த ஆண்டு அக்டோபரில் லெனின்கிராடில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டது: ஊதியம் குறையாமல் 7 மணி நேர வேலைநாளுக்கு வரும் ஆண்டுகளில் மாறுவோம். டிராட்ஸ்கியும் ஜினோவியெவும் இருந்த, கட்சிக்குள்ளேயான எதிரணி இதை எதிர்த்தது. இருக்கிற எட்டு மணி நேரமே பல இடங்களில் ஒழுங்காக நடக்கவில்லை, முதலில் ஊதியத்தைக் கவனியுங்கள் என்பது அவர்களின் வாதம். வாதத்தில் நியாயம் இருந்தது; அரசியலாகப் பார்த்தால் அது தற்கொலை. 'தொழிலாளியின் ஏழு மணி நேரத்துக்கு எதிரானவர்கள்' என்ற பட்டம் அவர்கள் கழுத்தில் மாட்டப்பட்டது. அதே மாதம் அவ்விருவரும் மத்தியக் குழுவிலிருந்தும், நவம்பரில் கட்சியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். எதிராளிக்குப் பொறி வைக்கவே அந்த அறிவிப்பு வந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அரசியல் லாபம் இருந்தது உண்மை. ஆனால் பொருளாதாரக் காரணம் அதைவிடக் கனமானது.

அந்தக் காரணம் இதுதான். 1927இல் வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிந்து காத்திருந்த வேலையற்றோர் பத்து லட்சத்துக்கும் மேல். மறுபக்கம் இயந்திரங்கள் போதவில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்க அந்நியச் செலாவணி இல்லை. இருக்கும் தறியை அதிக நேரம் ஓட்டினால் புதுத் தறி வாங்கிய பலன் கிடைக்கும். எட்டு மணி நேர ஷிஃப்ட் இரண்டு ஓடினால் தறி 16 மணி நேரம் ஓடும். ஏழு மணி நேர ஷிஃப்ட் மூன்று ஓடினால் 21 மணி நேரம். தொழிலாளியின் நாள் ஒரு மணி நேரம் சுருங்குகிறது. தறியின் நாள் ஐந்து மணி நேரம் நீள்கிறது. மீதி மூன்று மணி நேரம் துடைக்கவும் எண்ணெய் போடவும். இயந்திர நேரம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வேலையற்றோர் வரிசையும் குறைகிறது. திட்டக்காரர்களுக்கு இதைவிட இனிப்பான கணக்கு வேறு எது?

அதனால்தான் 1928 ஜனவரியில் முதலில் மாறியவை ஜவுளி ஆலைகள். நூலும் துணியும் கிராமங்களுக்குத் தேவைப்பட்டன. அவை போனால்தான் தானியம் வரும். மாறிய ஆலைகளில் ஒருவர் பார்க்க வேண்டிய தறிகளின், நூல் நூற்கும் கதிர்களின் எண்ணிக்கையும் கூட்டப்பட்டது. ஜவுளியில் பெண்கள்தான் பெரும்பான்மை. அவர்கள் இல்லாமல் மூன்றாம் ஷிஃப்ட் ஓடாது. ஆகவே 1917ஆம் ஆண்டு ஆணை தடுத்த இரவு வேலை, ஏழு மணி நேரச் சலுகையின் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. பகலில் குழந்தையும் அடுப்பும், இரவில் தறி. உரிமை வந்த வழி இது.

ஜவுளியில் தொடங்கியதை எல்லாத் துறைக்கும் விரிக்க 1929 ஜனவரி 2இல் ஓர் ஆணை வந்தது. தொழிற்சாலைகள், போக்குவரத்து, தபால் தந்தி, நகராட்சிச் சேவைகள் அனைத்தும் 1933 அக்டோபர் 1க்குள் ஏழு மணி நேரத்துக்கு மாறி முடித்துவிட வேண்டும் என்றது அது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் உறுதிமொழிகளில் இதுவும் ஒன்றானது.

அதே ஆண்டு இன்னொரு சோதனையும் நடந்தது. தறி நாளுக்கு 21 மணி நேரம் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் நிற்க வேண்டும்? பொருளாதார அறிஞர் யூரி லாரின் இந்தக் கேள்வியைக் கிளப்பினார். 1929 ஆகஸ்டில் அரசு 'இடைவிடாத உற்பத்தி'யை ஆணையாக்கியது. நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு. தொழிலாளர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குழுவுக்கு ஒரு நிறம் ஒதுக்கப்பட்டது. நாட்காட்டியில் உங்கள் நிறம் வரும் நாள்தான் உங்கள் ஞாயிறு. கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு வேறு நிறம் என்றால் இருவரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாளே இல்லை. கோவில் மணி அடிக்கும் ஞாயிறும் சேர்ந்து ஒழிந்தது என்பதில் அதிகாரிகளுக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது பலன் தரும். ஐந்து நாளில் 28 மணி நேரம் என்றால், ஏழு நாள் வாரத்துக்கு 39.2 மணி நேரம். அதாவது ஏழு மணி நேரத்துக்கும் ஐந்து நாள் சுழற்சிக்கும் முழுதாக மாறிய ஒருவரின் சட்டப்படியான வேலை நேரம் 1930இல் வாரம் 40 மணி நேரத்துக்கும் குறைவு. சோவியத் ஆட்சி இருந்த கடைசி ஆண்டுகள் வரை நாடு முழுவதற்குமான பொது வரம்பு அந்த அளவுக்கு மறுபடி இறங்கவே இல்லை.

ஆனால் இடைவிடாத உற்பத்தி நீடிக்கவில்லை. இயந்திரம் யாருடையது என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. இன்று நான், நாளை அவன், பழுதானால் யாரும் பொறுப்பில்லை. இது மிக மோசமாக வெளிப்பட்ட இடம் ரயில்வே. ஒரு நீராவி என்ஜினுக்கு நிலையான குழு இருந்த காலத்தில் ஓட்டுநருக்கு அதன் கொதிகலனின் ஒவ்வொரு முனகலும் தெரியும். கிடைத்த குழுவை ஏற்றி அனுப்பு என்ற முறை வந்ததும் பழுதான என்ஜின்கள் ஷெட்டுகளில் குவிந்தன. 1931இல் ரயில்வே மறுபடி நிலையான ஜோடிக் குழுக்களுக்குத் திரும்பியது. அதே ஆண்டு ஜூன் 23இல் ஸ்டாலின் பொறுப்பற்ற வேலைமுறையைத் தாக்கிப் பேசினார். ஆண்டு முடிவுக்குள் ஆறு நாள் வாரம் வந்துவிட்டது. ஐந்து நாள் வேலை, மாதத்தின் 6, 12, 18, 24, 30ஆம் தேதிகளில் அனைவருக்கும் பொது ஓய்வு. ஏழு மணி நேரப்படி ஆறு நாளில் 35 மணி நேரம். ஏழு நாள் வாரமாக்கினால் ஏறத்தாழ 41. இந்த 41 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

1930களின் நடுப்பகுதியில் இந்த ஏற்பாடு நிலைபெற்றது. 1936ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 119ஆம் விதி, பெரும்பாலான தொழிலாளர்களுக்கு வேலைநாள் 7 மணி நேரமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்று பெருமையோடு எழுதிக்கொண்டது. நேரம் குறைந்த இடத்தில் அளவு ஏறியது என்பதையும் சொல்ல வேண்டும். 1935 ஆகஸ்ட் கடைசியில் சுரங்கத் தொழிலாளி ஸ்டகானவ் வெட்டிய 102 டன் நிலக்கரி, சுரங்கத்தின் ஆறு மணி நேர ஷிஃப்ட்டுக்குள் வெட்டியது; அவருடைய நிர்ணய அளவு, அதாவது ஒரு ஷிஃப்ட்டில் முடிக்க வேண்டிய வேலை, 7 டன். அதே ஆண்டு தோன்பாஸ் நிலக்கரிப் பகுதியின் ஸ்லாவ்யன்ஸ்க் ஷெட்டைச் சேர்ந்த ஓட்டுநர் பியோத்தர் கிரிவனோஸ் சரக்கு ரயிலை வழக்கமான வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் ஓட்டிக் காட்டினார். மறு ஆண்டு வசந்தத்தில் துறை துறையாக நிர்ணய அளவுகள் உயர்த்தப்பட்டன. சாதனை ஒருவருடையது, புது அளவு எல்லோருக்கும்.

பிறகு 1940 ஜூன் 26 ஆணை வந்தது. எட்டு மணி நேர வேலைநாள், ஞாயிறு மட்டும் ஓய்வான ஏழு நாள் வாரம். ஆக வாரம் 48 மணி நேரம். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வேலையை விட்டுப் போனால் இரண்டு முதல் நான்கு மாதச் சிறை. காரணமில்லாமல் வராவிட்டால் ஆறு மாதம் வரை அதே இடத்தில் தண்டனை வேலை, ஊதியத்தில் கால் பங்கு வரை பிடித்தம். இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமானாலும் வராதவர் கணக்குதான். மறுநாள் வந்த இன்னோர் ஆணை, நிர்ணய அளவுகளை நேரத்துக்கு ஏற்ப உயர்த்தி, துண்டுக் கூலியை (செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் கூலியை) அதே விகிதத்தில் குறைக்கச் சொன்னது. நாள் சம்பளம் மாறாது. ஊதியம் குறையாமல் ஒரு மணி நேரம் குறைப்போம் என்றது 1927. ஊதியம் கூடாமல் ஒரு மணி நேரம் கூட்டுவோம் என்றது 1940.

இந்த ஆணையை முன்மொழிந்ததாக அதன் முதல் வரியில் குறிப்பிடப்பட்ட அமைப்பு எது தெரியுமா? அனைத்து ஒன்றியத் தொழிற்சங்க மத்திய கவுன்சில். உலகத்தில் வேறு எந்தத் தொழிற்சங்கமும் தன் உறுப்பினர்களின் வேலை நேரத்தைக் கூட்டும்படியும் தாமதமாக வந்தால் தண்டிக்கும்படியும் இப்படி மனு போட்டதாக நான் அறியேன்.

போர் அபாயம் உண்மையானது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஆணை வந்த அதே வாரம்தான் பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்து முடிந்திருந்தது. அந்தப் பிரான்ஸிலும் 1936இல் வேலைநிறுத்த அலையால் கிடைத்த 40 மணி நேர வாரத்தை 1938 நவம்பர் ஆணைகள் தளர்த்தின. ஆக, ஆயுதத்துக்காக நேரத்தைக் கூட்டியது மாஸ்கோ மட்டும் அல்ல. தாமதத்தைக் குற்றவியல் வழக்காக்கியது மாஸ்கோவின் தனிச்சிறப்பு. போர் முடிந்த பிறகும் அந்தச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்க 1956 ஏப்ரல் வரை ஆயிற்று.

போர்க் காலத்தில் 1941 ஜூன் முதல் நாளுக்கு மூன்று மணி நேரம் வரை கட்டாய ஓவர்டைம், விடுப்பு கிடையாது. 1943 ஏப்ரலில் ரயில்வே முழுவதும் இராணுவச் சட்டத்தின் கீழ் போனது. 1945 ஜூலையில் கட்டாய ஓவர்டைம் நீங்கி விடுப்பு திரும்பியது; 48 மணி நேர வாரம் அப்படியே இருந்தது. 1952இல் ஸ்டாலினே வேலைநாளைக் குறைந்தது 6 மணி நேரமாகவும் பிறகு 5 மணி நேரமாகவும் குறைக்க வேண்டும் என்று எழுதினார். எழுதினார், அவ்வளவுதான்.

உண்மையான குறைப்பு, ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷ்சேவ் காலத்தில் நடந்தது. முழுக் கதையிலும் தொழிலாளிக்கு மிகவும் சாதகமான பகுதி இதுதான் என்பேன். 1956 பிப்ரவரியில் இருபதாம் கட்சிக் காங்கிரஸ் உறுதி கொடுத்தது. மார்ச்சில் சனிக்கிழமை வேலை 6 மணி நேரமாகச் சுருங்கி வாரம் 46 மணி நேரமானது. ஜூலையில் 16 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு 6 மணி நேரம். அடுத்து நிலக்கரி, இரும்பு எஃகு, ரசாயனம் என்று கனமான துறைகள் ஒவ்வொன்றாக மாறின. கடைசியில் 1960 மே மாதம் நாடாளுமன்றமான உச்ச சோவியத் சட்டம் இயற்றி அந்த ஆண்டுக்குள் எல்லோருக்கும் 7 மணி நேரம், சுரங்கத்துக்குள் 6 மணி நேரம் என்று முடித்தது. ஐந்து நாள் ஏழு மணி நேரம், சனிக்கிழமை ஆறு: வாரம் 41. நான் குறித்துக்கொள்ளச் சொன்ன எண் இதோ. இருபது ஆண்டுக்கு முன் எடுத்ததை அச்சாக அதே அளவில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் இது பெரிய விஷயமே இல்லையா? பெரிய விஷயம்தான். ஊதியம் குறையாமல் நான்காண்டுக்குள் கோடிக்கணக்கானவர்களின் வாரத்திலிருந்து ஏழு மணி நேரம் குறைந்தது. இது பிரசாரம் அல்ல. இன்னொன்றும் கவனியுங்கள்: 1927இல் ஆள் உபரி, 1956–60இல் நிலைமை நேர் எதிர். போர் ஆண்டுகளில் பிறந்த மிகச் சிறிய தலைமுறை அப்போதுதான் வேலைக்கு வரும் வயதில் இருந்தது. 1960 ஜனவரியில் படையில் 12 லட்சம் பேரைக் குறைப்பதாக அறிவித்ததற்கு இராஜதந்திரக் காரணங்களோடு இந்த ஆள் பசியும் ஒரு காரணம். ஆள் குறைவாக இருக்கும்போது நேரத்தைக் குறைப்பது, என் கணக்குச் சூத்திரத்துக்கு ஒத்துவராததுபோலத் தெரியும். அது எப்படி முடிந்தது என்று பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

முதலாவது, நேரக் குறைப்பு தனியாக வரவில்லை. ஊதியச் சீர்திருத்தத்தோடு கட்டி வந்தது. அதுவரை நிர்ணய அளவுகள் கேலிக்கூத்தாக இருந்தன. அடிப்படைக் கூலி விகிதம் தருவது சம்பளத்தில் ஏறத்தாழப் பாதிதான். மீதி அளவை 'மிஞ்சி' வாங்கும் தொகை. யாரும் எளிதாக மிஞ்சும் அளவை வைத்து ஆலை நிர்வாகமும் தொழிலாளியும் சமாதானமாக வாழ்ந்தார்கள். 1955இல் அமைக்கப்பட்ட தொழிலாளர், ஊதியத்துக்கான அரசுக் குழு அடிப்படை விகிதத்தை உயர்த்தி, நிர்ணய அளவையும் உயர்த்தியது. புது விகிதமும் குறைந்த நேரமும் வேண்டும் என்றால் கடினமான அளவையும் ஏற்க வேண்டும். ஏழு மணி நேரம் இந்தப் பேரத்தில் இனிப்புப் பகுதி.

இரண்டாவது காரணம் நிர்வாகிகள் வெளியே சொல்லாதது. எட்டு மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது? பொருள் வரவில்லை, வார்ப்பு வரவில்லை, கிரேன் வேறெங்கோ போயிருக்கிறது என்று ஷிஃப்ட்டில் நல்ல பங்கு காத்திருப்பில் போனது. மாதத்தின் முதல் பத்து நாள் அரைத்தூக்கம், கடைசிப் பத்து நாள் இரவு பகலாக ஓட்டம். ரஷ்யத் தொழிலாளர்கள் இதை 'ஷ்துர்மவ்ஷீனா' என்பார்கள். இப்படிக் கடைசியில் ஆள் தேவைப்படும் என்று தெரிந்தே ஒவ்வோர் ஆலையும் தேவைக்கு மேல் ஆளைச் சேர்த்து வைத்திருந்தது. 1967இல் தூலா அருகே ஷெகினோ ரசாயன ஆலையில், ஆளைக் குறைத்தால் மிஞ்சும் ஊதியத்தை ஆலையே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் நூற்றுக்கணக்கானவர்களை விடுவித்தும் உற்பத்தி ஏறியது. காத்திருப்பில் கரையும் ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் திட்டத்துக்கு நட்டம் சொற்பம். ஆகவே இலக்கு அடிபடவில்லை.

ரயில்வேயில் அடியைத் தாங்கும் இந்தக் காத்திருப்பு மெத்தை கிடையாது. இனி உங்கள் மூன்றாவது கேள்வி.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம். பாதையில் எங்கோ ஒரு சிறு நிலையம். அதில் பாயிண்ட்ஸ் (வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்பு) மாற்ற எந்நேரமும் ஒருவர் இருந்தாக வேண்டும். 48 மணி நேர வாரத்தில் அந்த ஓர் இருக்கைக்கு மூன்றரை ஆள் வேண்டும். 41 மணி நேர வாரத்தில் நான்குக்கும் சற்று மேல். விடுப்பையும் நோயையும் சேர்த்தால் நாலரை. அவரை வேகமாக வேலை செய்யச் சொல்லி இதைச் சரிக்கட்ட முடியாது, ஏனென்றால் அவர் விற்பது தன் இருப்பை. வண்டி வரும் நேரத்தில்தான் வரும். நிலைய மேலாளர், கட்டுப்பாட்டாளர், கேட் காவலர், பாயிண்ட்ஸ் மாற்றும் சுவிட்ச்மேன் என்று லட்சக்கணக்கான இருக்கைகளுக்கு இந்தப் பெருக்கலைப் போட்டால் ஏழு மணி நேரத்தின் உண்மையான விலை தெரியும்.

இதற்கு அவர்கள் கண்ட ஏற்பாடு நான்கு ஆள் சுழற்சி: 12 மணி நேரம் பகல் வேலை, 24 மணி நேரம் ஓய்வு, 12 மணி நேரம் இரவு வேலை, 48 மணி நேரம் ஓய்வு. நான்கு நாளில் 24 மணி நேரம், வாரத்துக்கு 42. சட்டத்தின் 41ஐவிட ஒரு மணி நேரம் அதிகம். அதை மாதக் கணக்கில் கூடுதல் ஓய்வு நாளாகவோ ஓவர்டைமாகவோ சரிசெய்வார்கள். வேடிக்கையைப் பாருங்கள்: ஏழு மணி நேர வேலைநாள் என்ற சட்டம் முழு வெற்றியோடு நடந்த காலத்திலும் இந்த ரயில்வே தொழிலாளி ஏழு மணி நேர வேலைநாளைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் பார்த்தது 12 மணி நேர ஷிஃப்ட். அவருக்குக் கிடைத்த லாபம் மாதத்தில் சில ஓய்வு நாட்கள். பலருக்கு இதுவே பிடித்தும் இருந்தது. வீட்டுத் தோட்டம் வைத்திருந்த சிறு நிலையக்காரருக்கு 48 மணி நேர ஓய்வு, தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக வீடு திரும்புவதைவிட மேல்.

என்ஜின் ஓட்டுநர்கள் கதை வேறு. அவர்களுக்கும் மாதக் கணக்குதான். ஆனால் எதிர்முனை ஷெட்டில் போய் இறங்கித் திரும்பும் வண்டிக்காக ரன்னிங் ரூம் என்ற ஓய்வறையில் படுத்திருக்கும் நேரம் வேலை நேரத்தில் சேராது. வீட்டை விட்டுப் போய் ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும்; ஏட்டில் அதில் பாதிகூட வேலையாக வராது. எந்த நாட்டு ரயில்வேக்காரரிடம் கேட்டாலும் இந்த மனக்குறை இருக்கும். திட்டமிட்ட பொருளாதாரம் இதற்குப் புதிய விடை எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

புதிய விடை வந்தது தொழில்நுட்பத்திலிருந்து. 1956இல் நீராவி என்ஜின் தயாரிப்பை நிறுத்தி, அதே ஆண்டு ரயில்பாதை மின்மயத்துக்குப் பெருந்திட்டம் போட்டார்கள். நீராவியின் கடைசிப் பெரிய காவலர், ஸ்டாலின் காலத்தில் ரயில்வேயை நடத்திய ககனோவிச். ரயில்வே அமைச்சராக இருந்து மாற்றத்தை நடத்தியவர் பரீஸ் பெஷ்சேவ். நீராவி என்ஜினில் ஓட்டுநர், உதவியாளர், கரி அள்ளுபவர் என்று மூன்று பேர். மின்சார, டீசல் என்ஜினில் இரண்டு பேர் போதும். அவர்கள் இழுப்பதும் அதிக எடை. கரி ஏற்றுபவர், தண்ணீர் விடுபவர், சாம்பல் வாருபவர் என்று ஒரு படையே தேவையற்றுப் போனது. தானியங்கிச் சிக்னலும் மின் இன்டர்லாக்கிங்கும் (பாயிண்ட்ஸையும் சிக்னலையும் ஓரிடத்திலிருந்து மின்சாரத்தால் இயக்கும் ஏற்பாடு) வந்த பாதைகளில் சுவிட்ச்மேன் இருக்கைகள் குறைந்தன. ஏழு மணி நேரம் கேட்ட கூடுதல் ஆட்கள் இப்படித்தான் கிடைத்தார்கள். 1956க்கும் 1960க்கும் இடையில் இந்த இரண்டு மாற்றங்களும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது திட்டமிடலின் நல்ல பக்கம். அதை மனதாரப் பாராட்டலாம்.

அந்த மின்சார என்ஜின்களைச் செய்த ஆலைகளில் ஒன்று ரஸ்தோவ் அருகே நவச்செர்காஸ்கில் இருந்தது. அங்கே 1962இல் நடந்தது இந்தக் கதையின் மறுபக்கம். துண்டுக் கூலி விகிதங்கள் வெட்டப்பட்டிருந்த நிலையில், ஜூன் 1 அன்று இறைச்சி, வெண்ணெய் விலையை அரசு உயர்த்தியது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, ஆலை அருகே போன பயணிகள் ரயிலை மறித்தார்கள். மறுநாள் நகர மையத்தில் துப்பாக்கிச் சூடு; 26 பேர் இறந்தார்கள், பிறகு ஏழு பேருக்கு மரண தண்டனை. அவர்களுக்கும் 41 மணி நேர வாரம் இருந்தது. நேரம், அளவு, விகிதம், விலை ஆகிய நான்கையும் மேலே உட்கார்ந்திருப்பவர் நிர்ணயிக்கிறார். நான்கில் ஒன்றைப் பற்றிப் பேரம் பேசவும் கீழே இருப்பவருக்கு வழியில்லை. செய்தி முப்பதாண்டு அளவுக்கு மூடி வைக்கப்பட்டது.

இதற்கு முந்தைய ஆண்டுதான், 1961இல், கட்சியின் புதிய திட்ட ஆவணம் பத்தாண்டுக்குள் 35 மணி நேர வாரம் அல்லது ஆறு மணி நேர நாள் வரும், உலகிலேயே மிகக் குறைந்த வேலை நேரம் நம்முடையதாக இருக்கும் என்று உறுதி கூறியிருந்தது. 1964 முதல் படிப்படியாக 30–35 மணி நேரத்துக்கு மாறுவோம் என்று 1959 காங்கிரஸும் சொல்லியிருந்தது. எதுவும் நடக்கவில்லை. வளர்ச்சி மந்தமானது, புதிய ஆள் வரத்து வற்றியது, நீராவிக்குப் பதில் மின்சாரம் போல ஒரே வீச்சில் ஆளை விடுவிக்கும் மாற்றமும் எல்லாத் துறைக்கும் கிடைக்கவில்லை.

அதற்குப் பதிலாக 1967 மார்ச்சில் இரண்டு நாள் விடுமுறை வந்தது. மொத்தம் 41 மணி நேரம் மாறவில்லை. ஐந்தால் வகுத்தால் நாளுக்கு 8 மணி 12 நிமிடம். பல ஆலைகள் நாளுக்கு 8 மணி நேரம் வைத்துக்கொண்டு, குறையும் நிமிடங்களைச் சேர்த்து அவ்வப்போது ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்கின. மக்கள் அதைக் 'கறுப்புச் சனி' என்றார்கள். இவ்வளவு பாடுபட்டு வந்த ஏழு மணி நேர நாள், பெரும்பாலான தொழிலாளிகளின் வாழ்க்கையிலிருந்து ஏழே ஆண்டில் மறைந்தது. அதற்காக யாரும் அழவில்லை. சனி ஞாயிறு சேர்ந்து கிடைத்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நகரப் பேருந்து, டிராம் ஓட்டுநர்களுக்குத்தான் அந்த மகிழ்ச்சியும் முழுதாக வாய்க்கவில்லை. காலை நெரிசலுக்கு நான்கு மணி நேரம், நடுவில் வீட்டுக்குப் போ, மாலை நெரிசலுக்குத் திரும்பி வா என்று பிளந்த ஷிஃப்ட் அவர்களுக்குத் தொடர்ந்தது.

1977ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 41ஆம் விதி வாரத்துக்கு 41 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. ஓவர்டைம் ஆண்டுக்கு 120 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1922 முதல் இருந்த வரம்பும் தொடர்ந்தது. மாதக் கடைசி ஓட்டத்தில் அந்த வரம்பு எத்தனை ஆலைகளில் மதிக்கப்பட்டிருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ரஷ்யக் குடியரசு பொது வரம்பை 40 மணி நேரமாக்கியது 1991 ஏப்ரலில். ஒன்றியம் கலைவதற்கு அப்போது எட்டு மாதம் பாக்கி.